ஜெனோவாவை ஒக்கலில் வாங்கியவர்கள்

ஜெனோவாவைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்த ஒன்பதாம் நாள் காலையில், உப்பளத்தில் எங்களோடு வரிசையில் நின்றுகொண்டிருந்த பிரகாசியின் இடது ஒக்கலில், பிள்ளையின் எடை மட்டும் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. பிள்ளை வரவில்லை, சிணுங்கல் வரவில்லை, பால் கக்கின வாடை வரவில்லை. எட்டேகால் கிலோ எடையும், ஒக்கலில் பிள்ளை இருந்தால் நம் விலாவில் ஒரு சூடு படியுமே, அந்தச் சூடும் மட்டும் வந்தன.

பிரகாசி என் வீட்டுக்காரரின் தங்கை. நாத்தனாரும் மைனியுமாக இருந்தும் நாங்கள் சண்டை போட்டதில்லை, அதற்கு நேரம் கிடைத்ததில்லை. எங்கள் ஊருக்கு மூன்று பக்கமும் உப்புப் பாத்தி, நான்காவது பக்கம் மாதா கோயில். ஆண்கள் வாருபலகையால் பாத்தியில் உப்பை இழுத்து ஒதுக்குவார்கள். பெண்கள் அதைச் சட்டியில் அள்ளித் தலையில் ஏற்றிக் கரையில் அம்பாரமாகக் குவிப்போம். உப்புச் சட்டியை ஒருத்தி தானே தூக்கித் தன் தலையில் வைத்துக்கொள்ள முடியாது, இன்னொருத்தி கை கொடுக்க வேண்டும். அவளுக்கு அடுத்தவள், அடுத்தவளுக்கு அதற்கும் அடுத்தவள். கடைசியில் நிற்பவளுக்குத்தான் யாரும் இல்லை; கொட்டிவிட்டு யாராவது திரும்பி வரும்வரை அவள் தன் சட்டியைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நிற்பாள். அன்றைக்குக் கடைசி ஆள் நான். எனக்கு முன்னால் நின்ற பிரகாசிக்குச் சட்டியைத் தூக்கிவிட்டபோது அவள் இடது பக்கம் சாய்ந்தாள், சட்டி சரிந்தது, உப்பு முழுக்க என் காலில் கொட்டியது.

"ஏட்டி, சோறு தின்னியா இல்லியா?" என்றேன்.

"மைனி," என்றாள், பக்கத்தில் பிள்ளை தூங்கினால் எப்படிப் பேசுவோமோ அப்படி. "அவ வந்துருக்கா."

நான் கையை நீட்டினேன். ஒருத்தி ஒக்கலைச் சாய்த்துக்கொண்டு எதிரில் நின்றால் பிள்ளை பெற்றவள் கை தானாக நீளும், அதற்கு யோசனை வேண்டியதில்லை. என் மகன் செல்வினும் ஜெனோவாவும் பன்னிரண்டு நாள் முன்பின்னாகப் பிறந்தவர்கள், பிரகாசிக்கு உடம்பு சரியில்லாத நாளில் இரண்டுக்கும் நான்தான் பால் கொடுத்திருக்கிறேன். அதனால் என் இடுப்பில் வந்து உட்கார்ந்தது யார் என்று என் எலும்புக்குத் தெரிந்துவிட்டது. ஜெனோவா கொஞ்சம் பின்னால் சாய்ந்துதான் உட்காருவாள், உலகத்தைத் தள்ளி வைத்துப் பார்க்கிற மாதிரி. அப்படியேதான் இருந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்வதற்குள் பிரகாசி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அதன் பிறகு யாரிடமும் கொடுக்கவில்லை.

பதினோரு மாதப் பிள்ளை, மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். நடக்கப் பழகியிருக்கவில்லை. எங்கள் ஊர்த் தரையில் பிஞ்சுப் பாதம் பட்டால் உப்பு கடிக்கும், அதனால் எங்கள் பிள்ளைகள் ஒக்கலை விட்டு இறங்க மற்ற ஊர்ப் பிள்ளைகளைவிட நாள் பிடிக்கும், அதிலும் ஜெனோவா தரையைக் கண்டாலே இரண்டு காலையும் மடக்கிக்கொள்வாள்.

முதல் வாரம் ஊரே வந்து பார்த்தது. பார்க்க ஒன்றுமில்லை, ஒரு பெண் கொஞ்சம் சாய்ந்து நின்றாள். ஆகவே இரண்டாம் வாரம் பார்ப்பதை விட்டுவிட்டு அதற்குத் தக்கபடி நடந்துகொள்ளத் தொடங்கினார்கள். மினி பஸ்ஸில் கண்டக்டர் "பிள்ளக்காரிக்கு எடம் விடுங்க" என்று ஆட்களை எழுப்பினார். கோயிலில் பிள்ளைக்காரிகள் உட்காருகிற வாசல் ஓரத்தில் அவளுக்குக் காற்று வருகிற இடமாக ஒதுக்கினார்கள். குழாயடியில் ஒரு குடத்துக்கு மேல் அவளைத் தூக்கவிடாமல் அடுத்த குடத்தை யாராவது கொண்டுவந்து வீட்டில் வைத்தார்கள். எதிரில் வருகிற பெரியவர்கள் பழக்கதோஷத்தில் அவள் இடுப்புக்கு நேராக விரலை நீட்டிச் சொடுக்குப் போட்டுவிட்டு, அப்புறம் நினைவு வந்து, நீட்டின கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு போனார்கள்.

சிந்தாத்திரை அக்காவுக்கு மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை. அவளுக்கு ஐம்பது வயது, பிள்ளை இல்லை, அவள் நாக்கில் பட்டது எதுவும் கருவாடாகிவிடும் என்று சொல்வோம். "பிரகாசி மவளுக்கு மூக்கு ஒழுகாது, அடம் கெடையாது, பீ கழுவ வேண்டாம். இப்பிடிப் பிள்ள யாருக்குட்டி கெடைக்கும்?" என்றாள் ஒருநாள், எல்லோரும் கேட்க. ஒருத்தியும் சிரிக்கவில்லை. சிந்தாத்திரை அக்கா தன் சட்டியை எடுத்துக்கொண்டு அம்பாரத்துக்குப் பின்னால் போனாள், திரும்பி வர ரொம்ப நேரமாகியது, வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள்.

மாதம் ஒருமுறை பால்வாடியில் பிள்ளைகளுக்கு எடை போட வருகிற நர்ஸம்மா கறாரானவர். வரிசையில் பிரகாசி வந்து நின்றதும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "வந்தது வந்துட்ட, தொங்கவிடு" என்றார். உத்தரத்தில் மாட்டியிருந்த தராசின் துணித்தொட்டிலில் பிரகாசி ஒன்றுமில்லாததை மெதுவாக இறக்கினாள். துணி தொய்ந்தது, முள் நகர்ந்தது, எட்டரை கிலோவில் நின்று கொஞ்சம் ஆடியது. நர்ஸம்மா ஜெனோவாவின் பழைய அட்டையைத் தேடி எடுத்துப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். "பேனாவால வைக்க எனக்கு அதிகாரமில்ல" என்றார். அடுத்த மாதம் எட்டேமுக்கால், அதற்கடுத்த மாதம் ஒன்பதுக்குக் கொஞ்சம் குறைவு. என் செல்வின் ஏறின கணக்கிலேயே அதுவும் ஏறியது. பிள்ளை இருந்திருந்தால் என்ன இருந்திருக்குமோ அதுதான் இருந்தது.

அந்த எடையை வைத்துக்கொண்டேதான் பிரகாசி உப்புச் சுமந்தாள், அடுப்பில் ஊதினாள், துணி துவைத்தாள். அவள் புருஷன் தொம்மை லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றுகிறவன், பேச்சுக் கம்மி. "எறக்கி வையேம்ட்டி, இடுப்பு போயிரும்" என்று தினம் ஒருமுறை சொல்வான், அவள் தினம் ஒருமுறை கேட்காத மாதிரி இருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நானும் கூட இருந்தேன்.

"பிள்ள ஆண்டவர்கிட்ட இருக்கா பிரகாசி. நீ இத எறக்கி வைக்கணும்."

"ஆண்டவர்கிட்டன்னா எங்கன சாமி? தரையிலயா?"

"இல்லம்மா. சம்மனசுகளோட."

"சம்மனசுக்கு ரெக்க இருக்கு, படத்துல பாத்துருக்கேன். ஒக்கல் இருக்கா சாமி?"

எங்கள் சாமியார் நிறையப் படித்தவர். அவர் திரும்பிப் பீடத்துக்கு மேலே இருக்கிற படத்தைப் பார்த்தார். அதில் பன்னிரண்டு சம்மனசுகள், எல்லாவற்றுக்கும் கழுத்துக்குக் கீழே மேகம்.

"எம் பிள்ளைக்கு நடக்கத் தெரியாது," என்றாள் பிரகாசி. "நான் இங்கன எறக்கிவிட்டா அங்கன அவள யாரு தூக்குவா? அத மட்டும் சொல்லுங்க. இப்பமே, இந்தால, உங்க முன்னாலயே எறக்கிருதேன்."

சாமியார் கையைக் கோத்துப் பிரித்துக் கோத்தார். "செபம் பண்ணும்மா" என்றார் கடைசியில்.

அன்றையிலிருந்து அவள் செபத்தை விட்டாள். கோயிலுக்கு வருவாள், முழங்காலில் நிற்பாள், வாயை மட்டும் இறுக்கி மூடிக்கொள்வாள். "எங்கிட்டக் கேக்காம எடுத்தாருல்லா மைனி," என்றாள் வழியில், "எடுத்தவருக்கு ஒழுங்கா எடுக்கத் தெரியலையே." அவளுக்குக் கடவுள்மேல் இருந்தது சந்தேகம் இல்லை, கோபம்.

ஆடி மாதம் அவளுக்கு மூன்று மாதம் முழுகாமல் இருப்பது தெரிந்தது. ஊர் சந்தோஷப்பட வாயெடுத்து, அவள் சாய்ந்து நிற்பதைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டது. பத்து நாள் கழித்து அவள் பாவாடையில் ரத்தம் பட்டது. நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார், "ஒம்பது கிலோவ ஒரு பக்கமா வச்சுக்கிட்டு அலைஞ்சா வயித்துல இருக்கது தங்காது. நான் பூசி மெழுகிச் சொல்ல மாட்டேன் பிரகாசி. ஒண்ணு அது, இல்ல இது."

"ரெண்டும் எம் பிள்ளதான டீச்சர்," என்றாள் அவள். நர்ஸம்மாவை எங்கள் ஊரில் பாதிப் பேர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். "எதுன்னு சொல்லுவேன்?"

அன்று தொம்மை சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசையில் இருந்தபோது அவனும் இன்னும் மூன்று லோடு ஆட்களும் டிராக்டரில் கல் கொண்டுவந்து, உப்பளத்துக்குப் போகிற பாதையில், வேலிமரத்துக்குப் பக்கத்தில், நெஞ்சுயரத்துக்கு இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தினார்கள். யார் உதவியும் இல்லாமல் ஒரு ஆள் தலைச்சுமையை இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, திரும்ப ஏற்றிக்கொண்டு போக வழியோரங்களில் முன்பெல்லாம் வைப்பார்களே, அந்தச் சுமைதாங்கி. பிள்ளையின் எடையை அவள் அதில் இறக்கி வைக்கலாம், போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொள்ளலாம், யாரும் எடுத்துப் போகப் போவதில்லை என்று நினைத்தான் தொம்மை. இரண்டு நாள் யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறான், பாவம்.

பூசை விட்டு வந்த சிந்தாத்திரை அக்கா அதைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏல தொம்ம! மூள இருக்கால ஒனக்கு? சுமதாங்கி யாருக்குல வப்பாவ? வயித்துப் பிள்ளையோட செத்தவளுக்குல்லா வப்பாவ! நாலாவது மாசம் நடக்கவளுக்கு உசிரோட நட்டு வச்சிருக்கியே, வெளங்குவியா நீ?"

ஆண்கள் நால்வரும் நின்ற இடத்திலேயே குறுகிப் போனார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அவர்களுக்கும் தெரியும்; இறங்காத பாரத்தோடு போனவளுக்குப் பாரம் இறங்கட்டும் என்று வைக்கிற கல். தொம்மை கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டான். "நான் அவ ஒக்கலத்தான் நெனச்சேன்க்கா," என்றான். "வயித்த நெனைக்கல."

பெண்கள் கல்லைத் தள்ளப் போனார்கள். பிரகாசி தடுத்தாள். "விடுங்க. எனக்காகத்தான் தூக்கிட்டு வந்துருக்காவ," என்று சொல்லி, தொம்மையின் தோள்துண்டை வாங்கி நாலாக மடித்துக் கல்லின்மேல் விரித்து, ஒக்கலைச் சாய்த்து, எங்களுக்குத் தெரியாத ஒன்றை அதன்மேல் உட்காரவைத்து, ஒரு கையால் அணைத்துப் பார்த்து, அப்புறம் அந்தக் கையையும் எடுத்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவள் முதுகு நிமிர்வதை ஊரே பார்த்தது. பத்து அடி நடந்தாள். நன்றாக நடந்தாள். இருபதாவது அடியில் நின்றாள். காற்றுகூட அடிக்கவில்லை, எந்தச் சத்தமும் வரவில்லை, பிள்ளையை ஓரிடத்தில் விட்டுவிட்டு வந்தவளுக்குச் சத்தம் வராமல் இருப்பதைப் போலப் பயம் வேறு கிடையாது.

"கல்லு சுடும்," என்று திரும்பி ஓடினாள்.

ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து தூக்கப் பார்த்தாள், மறுபடியும் முடியவில்லை. தானே இறக்கி வைத்ததைத் தானே எடுக்க முடியாமல், அந்தக் கல்லைக் கட்டிக்கொண்டு, "மைனி, கை குடுங்க" என்றாள்.

உப்பளத்தில் பத்து வருஷமாக நாங்கள் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற வார்த்தை, அதைப் பிரகாசி தன் பிள்ளைக்காகச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் போய்க் கல்லிலிருந்து ஜெனோவாவை எடுத்து என் ஒக்கலில் வைத்தேன். கனத்திருந்தாள். வெயில் பட்டு முதுகுப்பக்கம் சூடாக இருந்தாள்.

"நீங்க வச்சுக்கிடுங்க," என்றாள் பிரகாசி. "சாயங்காலம் வரைக்கும்."

சாயங்காலம் வரும் முன்னே சிந்தாத்திரை அக்கா என் வீட்டு வாசலில் நின்றாள். "ஒனக்கு ஒரு பிள்ள ஏற்கெனவே ஒக்கல்ல தொங்குது. இங்கன தா." அவளுக்கு அடுத்து மூன்று பெண்கள் நின்றார்கள். அப்படித்தான் அது கை மாறத் தொடங்கியது, யாரும் கூட்டம் போடவில்லை, யாரும் முறை வகுக்கவில்லை. சட்டி தூக்கிவிடுகிற மாதிரி ஒருத்தி அடுத்தவளுக்கு, அடுத்தவள் அதற்கு அடுத்தவளுக்கு. பிரகாசி மட்டும் தினமும் காலையில் "இன்னைக்கு யாருகிட்ட?" என்று கேட்பாள், கேட்டுவிட்டு, அந்த வீட்டுப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

வாங்கின எல்லோருக்கும் ஒன்று நடந்தது. எடை ஒக்கலில் ஏறின கொஞ்ச நேரத்தில் அவரவர் இறக்காமல் வைத்திருந்தது ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்து கனத்து, அப்புறம் லேசானது. எனக்குக் குறைப்பிரசவத்தில் போன முதல் பிள்ளை நினைவுக்கு வந்தது, அதற்குப் பேர்கூட வைக்கவில்லை நான். அடுப்படியில் நின்று ஒரு பேர் வைத்தேன், அது எனக்கும் ஆண்டவருக்கும் தெரிந்தால் போதும். தொம்மை, பிள்ளை இருந்தவரை மூட்டை ஏற்றின அலுப்பில் அவளைத் தூக்காதவன், ஒரு பகல் முழுக்க அவளை வைத்துக்கொண்டு லாரியில் வேலை பார்த்தான். ஒற்றைக் கையால் மூட்டை ஏற்றினான், மற்ற ஆட்கள் ஒன்றும் சொல்லாமல் அவன் மூட்டையில் ஒரு கை கொடுத்தார்கள். பங்குச் சாமியாரும் ஒருநாள் வந்து, கூச்சப்பட்டுக்கொண்டு, "நானும் வாங்கலாமா?" என்று கேட்டார். பிள்ளையைத் தூக்கிப் பழக்கமில்லாத மனிதர், மார்போடு சாய்த்துத் தூக்கினார், "சாமி, இது பெரிய பிள்ள, ஒக்கல்ல வைங்க" என்று நாங்கள் சொல்லிக்கொடுத்தோம். அடுத்த நாள் பூசையில் அங்கியோடு ஒரு பக்கம் சாய்ந்து நின்று, பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்தி, "நான் இத்தன நாள் சும்மா பேசிக்கிட்டு இருந்துருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பீடத்துக்குத் திரும்பினார். எங்கள் ஊரில் இதுவரை கேட்ட பிரசங்கத்தில் அதுதான் சின்னது, அதுதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

சிந்தாத்திரை அக்கா மட்டும் புரட்டாசியில் ஒருநாள் வாங்கினவள் மூன்று நாள் திருப்பித் தரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்றாம் நாள் பிரகாசி ஆறு மாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

"எக்கா, எம் பிள்ளயத் தாங்க."

"பிள்ளையா? எங்கட்டி இருக்கு பிள்ள? இது வெறும் எடதான? எட யாருகிட்ட இருந்தா என்ன?"

"அப்பம் நீங்க ஏன் கதவச் சாத்தி வச்சிருக்கிய?"

கதவு திறந்தது. சிந்தாத்திரை அக்கா தலை சீவாமல், கண் வீங்கி, இடது கையை வளைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம்," என்றாள். "முப்பத்திரண்டு வருஷமா எங்கிட்ட யாரும் பிள்ளையக் குடுக்கலட்டி. கண்ணு பட்டுரும்னு சேலையால மூடிக்கிட்டுப் போவாளுவ. எனக்குத் தெரியாதாக்கும்?"

எங்களில் எத்தனை பேர் அப்படிச் சேலையால் மூடிக்கொண்டு போனோம் என்று அவரவருக்குத் தெரியும். நானும் மூடியிருக்கிறேன்.

பிரகாசி கையை நீட்டவில்லை. வாசலிலேயே கால் நீட்டி உட்கார்ந்தாள். "இன்னும் ரெண்டு நாள் வச்சுக்கிடுங்க," என்றாள். "பின்னால சாஞ்சு உக்காருவா, முதுகுல ஒரு கை வச்சுக்கிடணும்."

"அது எனக்கு மொத நாளே தெரிஞ்சிட்டு," என்றாள் அக்கா.

ஐப்பசியில் மழை பிடித்தது. பாத்திகளில் தண்ணீர் நின்றுவிட்டதால் வேலையில்லை; நானும் பிரகாசியும் அவள் வீட்டுக்குள் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம், செல்வின் தோலை அள்ளிப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தான். தெருவில் சிந்தாத்திரை அக்கா போனாள். குடையை இடது பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தாள், ஒக்கலுக்கு நேராக. அந்தப் பக்கம் ஒரு சொட்டு விழவில்லை, வலது பக்கம் தலையிலிருந்து கால்வரை நனைந்து சேலை ஒட்டிக்கொண்டு வந்தது, அவளுக்கு அது தெரிந்த மாதிரியே இல்லை.

பிரகாசி கையில் இருந்த பூண்டை வைத்துவிட்டுப் பார்த்தாள். அக்கா தெருமுனை திரும்பின பிறகும் பார்த்தாள்.

"மைனி," என்றாள். "அவ, அக்கா பெத்த பிள்ள இல்ல. கண்ணுக்கும் தெரியாது. நனைஞ்சிக்கிட்டுப் போறாவ பாத்தியளா?"

"பாத்தேன்."

"பெறாதவளே குடைய அந்தப் பக்கம் பிடிச்சா, உண்டாக்குனவரு எந்தப் பக்கம் பிடிச்சிருப்பாரு?"

இப்படிப்பட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிற அளவுக்கு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை. "அப்பம் கோவம் போயிட்டா?" என்று மட்டும் கேட்டேன்.

"போகல," என்றாள். "ஆனா கோவத்தோடயே அவருகிட்டப் பேசலாம்போலத் தோணுது. இத்தன நாளும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருந்தேன். அவரும் எங்கனயாச்சும் நனைஞ்சிக்கிட்டுத்தான் நின்னாரோ என்னமோ." ஒரு பல் பூண்டை உரித்து முடித்துவிட்டு மறுபடி சொன்னாள், "எம் பிள்ள இருந்தா இன்னைக்கு மழையப் பாத்துச் சிரிச்சிருப்பா."

தை மாதம் பன்னிரண்டாம் தேதி காலையில் வலி எடுத்தது. ஆம்புலன்ஸில் நானும், தொம்மையும், எடையை வைத்திருந்த சிந்தாத்திரை அக்காவும் ஏறினோம். பின்னாலேயே மினி பஸ்ஸில் இன்னும் ஆறு பேர் வந்தார்கள். பிரசவ அறை வாசலில் ஸ்ட்ரெச்சரை நிறுத்தச் சொல்லி, பிரகாசி சிந்தாத்திரை அக்காவைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"ஒரு தடவ தாங்க."

"ஏட்டி, பத்தரைக் கிலோ. இந்த நேரத்துலயா?"

"வச்சுக்கிட மாட்டேன்க்கா. தாங்க."

அக்கா என்னைப் பார்த்தாள், நான் நர்ஸைப் பார்த்தேன், நர்ஸுக்கு என்ன நடக்கிறதென்றே தெரியவில்லை. அக்கா குனிந்து பிரகாசியின் இடது பக்கத்தில் ஜெனோவாவைப் படுக்கவைத்தாள். ஸ்ட்ரெச்சர் சக்கரம் ஒருமுறை கிறீச்சிட்டது. கதவு மூடியது.

வராந்தாவில் நாங்கள் நின்றோம். தொம்மை சுவரைப் பார்த்து நின்றான். சிந்தாத்திரை அக்கா செபமாலை சொன்னாள், நடு நடுவே "அறிவு கெட்டவ, அறிவு கெட்டவ" என்றும் சொன்னாள், அது பிரகாசிக்கா தனக்கா என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை. இரண்டு மணி நேரம் ஆனது, மூன்று மணி நேரம் ஆனது. அதன்பிறகு உள்ளே பிள்ளை அழுதது. பையன், மூன்று கிலோ, தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க என்றார்கள்.

வார்டுக்குக் கொண்டுவந்ததும் நாங்கள் எல்லோரும் பையனைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் இடது பக்கத்தைப் பார்த்தோம். படுக்கை விரிப்பு தொய்வில்லாமல் சமமாகக் கிடந்தது. சிந்தாத்திரை அக்கா கையை வைத்துத் தடவிப் பார்த்தாள். "யாருட்டி வாங்கினா?" என்று எங்களைக் கேட்டாள். நான் வாங்கவில்லை. தொம்மை வாங்கவில்லை. பஸ்ஸில் வந்தவர்கள் ஒருத்தி ஒக்கலை ஒருத்தி தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பிரசவ அறை நர்ஸைக்கூட ஒருத்தி போய் இடுப்பில் தொட்டுப் பார்த்துவிட்டுத் திட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

"தேடாதீங்க," என்றாள் பிரகாசி.

உதடு வெளுத்திருந்தது. நான் அவள் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தேன். "யாருகிட்டட்டி குடுத்த?"

"நான் குடுக்கல மைனி. பையன் தல திரும்புற நேரம், ரெண்டு பிள்ளையும் பிடிக்க முடியல, கை குடுங்கன்னு கத்துனேன். அப்பம் வந்து வாங்கினாவ."

"யாரு?"

"மொகம் தெரியல. கைதான் தெரிஞ்சிது." கண்ணை மூடிக்கொண்டு, பார்த்ததை மறுபடி பார்க்கிறவள் மாதிரிச் சொன்னாள். "தூங்குற பிள்ளைய முழிக்காம எப்படி வாங்குவோம், ஒரு கை தலைக்கு, ஒரு கை தொடைக்கு, அப்படி வாங்கினாவ. பழகுன கை. தோலெல்லாம் நம்ம கை மாதிரியே உரிஞ்சி, உப்பு ஏறி, உள்ளங்கைக்கு நடுவுல ஆழமா ஒரு வெடிப்பு. எண்ணெ தடவுனா என்னன்னு கேக்க வாயெடுத்தேன், அதுக்குள்ள பையன் வந்துட்டான்."

சிந்தாத்திரை அக்கா செபமாலையின் சிலுவையில் ஆணியடித்த கையைப் பார்த்தாள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே போனாள். தொம்மை தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்து, ஏதோ தொலைத்தவன் போல, பார்த்துக்கொண்டே நின்றான்.

பையன் சிணுங்கினான். பசி. நான் அவனைத் துணியோடு தூக்கிப் பிரகாசியின் இடது பக்கமாகக் கொண்டுபோனேன், பால் கொடுக்க அதுதான் தோது. அவள் உடம்பைச் சட்டென்று நகர்த்திக்கொண்டாள்.

"அந்தப் பக்கம் வேண்டாம் மைனி," என்றாள். "இன்னும் சூடு ஆறல."

நான் பையனை வலது பக்கம் கொண்டுபோய் விட்டேன். அவன் பால் குடித்தான். குடித்து முடிக்கும்வரை அவள் இடது கையை எடுக்கவில்லை. வெறும் விரிப்பின்மேல், ஒரு பிள்ளை அகலத்துக்கு, மெதுவாகத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள்.